எழுத்துக்குக் காசு, புள்ளிக்கு மெமோ

இங்கிலாந்தில் ஒருவருக்கு இரத்தம் குறைந்தால் எனக்கு ஓர் எழுத்து கூடுதலாகக் கிடைக்கும். அமெரிக்காவில் ஒருவருக்கு அதே அளவு இரத்தம் குறைந்தால் ஓர் எழுத்து நட்டம். அனீமியா என்ற சொல்லுக்குள் பிரிட்டிஷ்காரர் ஒரு ‘ஏ’யை அதிகமாக வைத்திருக்கிறார், அமெரிக்கர் அதைக் கழற்றி எறிந்துவிட்டார். வயிற்றோட்டத்துக்கு ஓர் ‘ஓ’, உணவுக்குழாய்க்கு முன்னால் ஓர் ‘ஓ’, நீர் வீக்கத்துக்கு இன்னோர் ‘ஓ’, பிள்ளை வைத்தியத்துக்கு ஒரு ‘ஏ’ என்று இங்கிலாந்துக்காரரின் உடம்பு முழுக்க உபரி எழுத்துகள். எழுத்தை எண்ணிக் காசு தருகிற தொழிலில் இருப்பவர்களுக்கு இது இலக்கணம் இல்லை, வருமானம்.

தொழிலின் பெயர் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். டொக்டர் நோயாளியைப் பார்த்து அனுப்பிய கையோடு, கண்டது, கேட்டது, கொடுத்த மருந்து எல்லாவற்றையும் போனிலோ ரெக்கோடரிலோ மளமளவென்று சொல்லி வைப்பார். அந்தக் குரல் கடல் தாண்டி என் காதுக்கு வரும். நான் அதை எழுத்தாக்கி, விடிவதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். 65 எழுத்து சேர்ந்தால் ஒரு வரி. வரிக்கு இத்தனை சதம் என்று கூலி. 98 வீதம் சரியாக இருக்க வேண்டும் என்பது தொழிலின் பொது விதி. மீதி 2 வீதத்துக்குள் மனிதர் பிழைத்துக்கொள்ளலாம்.

என் வேலைத்தலம் உடப்புசல்லாவை. நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை என்று வளைந்து வளைந்து வரும் ரோட்டில் இருக்கிறது. சிலோன் டீக்கு ஏழு வட்டாரங்கள் என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்களே, அதில் எங்கள் ஊரும் ஒன்று. டீ குடிக்கிற வெளிநாட்டுக்காரருக்கு எங்களைத் தெரியும். கொழும்பில் இருப்பவர்களுக்கு நுவரெலியா என்று சொன்னால்தான் விளங்கும். நியூயோர்க்கில் மத்தியானம் என்றால் இங்கே இரவு ஒன்பதரையோ பத்தரையோ. பனி இறங்கி, பக்கத்து வீட்டு டிவி அடங்கி, நாய்கள் மட்டும் உத்தியோகம் பார்க்கும் நேரத்தில் நான் ஹெட்போனை மாட்டுவேன்.

மேசைக்குக் கீழே ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் டொக்டர் பேசுவார். காலை எடுத்தால் வாயை மூடுவார். இடப் பக்கம் அழுத்தினால் பின்னால் போய், சொன்னதையே மறுபடி சொல்லுவார். டொக்டரைப் பேச்சின் நடுவில் நிறுத்தி, “திருப்பிச் சொல்லு” என்று கேட்கிற அதிகாரம் இந்த உலகத்தில் அந்தப் பெடலுக்கு மட்டும்தான் இருக்கிறது. ஆனால் பெடலின் பெருமை ஊருக்கு விளங்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் மேல் லயத்துச் சித்தி ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்.

“ஏம்புள்ள, ராத்திரியெல்லாம் நீ மெசின் மிதிக்கிறியாம்ல? தீவாளிக்கு இந்தச் சட்டைய மட்டும் தச்சுக் குடுத்துரு. கூலி என்னான்னு சொல்லு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து பதில் சொன்னார்: “அது துணி தைக்கிற மெசின் இல்ல. வெள்ளக்காரன் வியாதியத் தைக்கிற மெசின்.”

சித்தி துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயமும் இருந்தது.

இந்தத் தொழிலுக்கு ஒரு வேதப் புத்தகம் உண்டு. அமெரிக்காவில் 1978இல் டிரான்ஸ்கிரிப்ஷன்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். 2007இல் அதன் பெயரைக்கூட மாற்றிக்கொண்டார்கள்; ஸ்டைல் சொல்லிக் கொடுப்பவர்கள் தங்கள் பெயருக்கே ஸ்டைல் மாற்றியது எனக்குப் பிடித்திருந்தது. அந்தச் சங்கம் போட்ட ஸ்டைல் புத்தகத்தில் எங்கே கோடு போட வேண்டும், எந்த எண்ணை எழுத்தில் எழுத வேண்டும், எந்த நோயின் பெயரில் பெரிய எழுத்து வரும் என்று எல்லாமே இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் அதை ஸ்கொலர்ஷிப் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தார்கள். வேலையில் சேர்ந்த பிறகு அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டி வாதாடினால், என் பக்கங்களைத் திருத்துகிற சென்னை மேடம் நிதானமாகக் கேட்பார்: “புக் என்ன சொல்லுதுன்னு நான் கேக்கலைம்மா. கிளையண்ட் என்ன சொல்றாங்க?”

கிளையண்ட் என்றால் எங்களுக்குக் காசு தருகிற ஆஸ்பத்திரி. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு ஷீட் இருக்கும். புத்தகத்துக்கு மேலே ஷீட், ஷீட்டுக்கு மேலே டொக்டர், டொக்டருக்கு மேலே அவருடைய செக்ரட்டரி. இந்த நாலில் எது சரி என்று கேட்டால், கடைசியாக ஈமெயில் அனுப்பியவர் சரி.

டவுன் சிண்ட்ரோமை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோன் லாங்டன் டவுன் என்ற இங்கிலாந்து டொக்டர் 1866இல் அதை விவரித்து எழுதினார். அவர் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. கூடவே ஓர் அப்போஸ்ட்ரஃபியும் ஓர் ‘எஸ்’ஸும் ஒட்டிக்கொண்டன. “அந்த நோய் அவருக்கும் இல்லை, அவருடைய சொத்தும் இல்லை, பிறகு எதற்கு இந்த உரிமைக் குறி?” என்று அமெரிக்காவில் கேள்வி கிளம்பி, 1975இல் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டம் அதை எடுத்துவிடச் சொன்னது. அமெரிக்கர்கள் எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்துக்காரர்கள் எடுக்கவில்லை, அவர் அவர்கள் ஊர் டொக்டர் அல்லவா. ஆகவே இரவு பத்து மணிக்கு ஒரு குழந்தைக்கு அப்போஸ்ட்ரஃபி இருக்கும். பன்னிரண்டு மணிக்கு, வேறு கிளையண்டின் கோப்பில், இன்னொரு குழந்தைக்கு இருக்காது. இரண்டு குழந்தைகளுக்கும் 21ஆவது குரோமோசோம் மூன்றுதான்.

இது பரவாயில்லை, பழகிவிடும். அமெரிக்காவிலேயே ஒரு கிளையண்டின் ஷீட்டில் இப்படி இருந்தது: பார்க்கின்சனுக்கு அப்போஸ்ட்ரஃபி உண்டு, டவுனுக்கு இல்லை, அல்சைமருக்கு எந்த டொக்டர் பேசுகிறார் என்று பார்த்து முடிவு செய்யவும். இந்த நியாயத்தில் பார்த்தால் அப்போஸ்ட்ரஃபிக்கு முழுத் தகுதி உள்ளவர் லூ கெரிக் மாதிரியான ஆள்தான். அந்த பேஸ்போல் வீரருக்கு உண்மையாகவே அந்த நரம்பு நோய் இருந்தது. 1941இல் அதிலேயே இறந்தார். அந்த நோயை ஏஎல்எஸ் என்று சுருக்கி எழுதச் சொல்லி ஷீட்டில் போட்டிருந்தார்கள்.

புள்ளி விவகாரம் இன்னும் மோசம். அமெரிக்க டொக்டர் வாக்கியத்தை முடிக்கும்போது “பீரியட்” என்பார். பிரிட்டிஷ் டொக்டர் “புல் ஸ்டொப்” என்பார். பெண்கள் நோய் பார்க்கிற அமெரிக்க டொக்டர் ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் பீரியட் சொல்வார். அதில் எது மாதவிலக்கு, எது முற்றுப்புள்ளி என்பதை அவர் மூச்சு விடும் இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைசிப் பீரியட் ஒழுங்காக வந்தது பீரியட். அதற்கு முந்திய பீரியட் தள்ளிப் போனது பீரியட். அந்தக் கோப்பு வந்தால் நான் பெடலில் இருந்து காலை எடுப்பதே இல்லை.

ஃபொலோ அப் என்ற இரண்டு சொல்லுக்கு நடுவே போடுகிற சிறு கோட்டுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. பெயர்ச்சொல்லாக வந்தால் கோடு, வினைச்சொல்லாக வந்தால் கோடு கிடையாது, இடைவெளி மட்டும் என்பது புத்தகத்தின் விதி. ஒரு கிளையண்ட் இந்த வம்பே வேண்டாம், எல்லா இடத்திலும் சேர்த்தே எழுதுங்கள் என்றார். சேர்த்து எழுதினோம். அங்கே தலைமை டொக்டர் ஓய்வு பெற்றார். புதியவர் வந்த கிழமையே நள்ளிரவில் மெமோ வந்தது: கோடு திரும்ப வேண்டும். அந்த மெமோவில் ‘மிக அவசரம்’ என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். மாரடைப்பு நோயாளியின் கோப்பில்கூட நான் அந்தச் சிவப்பைப் பார்த்ததில்லை.

சரி, இதையெல்லாம் ஏன் தாங்கிக்கொள்கிறோம்? கூலிக்காகத்தான். ஆனால் கூலியிலும் ஸ்டைல் விளையாடும். முற்றுப்புள்ளிக்குப் பிறகு ஓர் இடைவெளியா இரண்டு இடைவெளியா என்பது கிளையண்டின் விருப்பம். இடைவெளியையும் எழுத்தாக எண்ணுகிற கம்பனியில் இரண்டு இடைவெளி கேட்கிற கிளையண்ட் கிடைத்தால் சாமி கும்பிடலாம். வெறும் வெற்றிடத்துக்கு மாசக் கடைசியில் காசு வரும். சில கம்பனிகள் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை மட்டும்தான் எண்ணும். கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கு இத்தனை கிலோ, ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழித்துவிட்டு மீதியை எழுதுவார்களே, அதே கதைதான். நாற்பது வருசம் தராசுக்கு முன்னால் நின்ற அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அங்கயும் கழிக்கிறானா?” என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தார். அவருக்கு அமெரிக்கா மீது இருந்த மரியாதை அன்றைக்குத்தான் குறைந்தது.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பை, முன்சிறுகுடல் வரை பார்க்கிற சோதனையை அமெரிக்க டொக்டர் மூன்றே எழுத்தில் “ஈஜிடி” என்று சொல்லிவிடுவார். ஆனால் நோய் முடிவு எழுதுகிற பகுதியில் சுருக்கம் கூடாது, விரித்து எழுது என்று ஷீட் சொல்லும். விரித்தால் 26 எழுத்து. பிரிட்டிஷ் கிளையண்டாக இருந்தால் முன்னால் ஓர் ‘ஓ’ சேர்ந்து 27. நான் கணினியில் மூன்று எழுத்தைத் தட்டினால் மென்பொருள் தானாக முழுச் சொல்லையும் விரித்துப் போடும். மூன்று தட்டுக்கு ஒரு வரியில் ஐந்தில் இரண்டு பங்குக் கூலி. வயிற்றெரிச்சல்காரர்கள் நிறைய வருகிற ஆஸ்பத்திரி எங்களுக்கு நல்ல ஆஸ்பத்திரி.

வெள்ளைக்காரர் விருப்பத்துக்கெல்லாம் எழுத்தை மாற்றிக் கிடக்கிறோமே என்று சலிப்பு வரும்போது நான் மானிப்பாயை நினைத்துக்கொள்வேன். 1847இல் மசாசூசெட்சிலிருந்து யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழில் எழுதியே தீருவேன் என்று நின்றார். அவருக்கும் ஒரு ஸ்டைல் ஷீட் இருந்தது: முதலில் தமிழில் சொல் தேடு; கிடைக்காவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு; அங்கும் இல்லாவிட்டால் இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுது. மாணவர்களை வைத்து ஆயிரக்கணக்கான பக்கம் எழுதி அச்சடித்தார். மானிப்பாயில் தமிழிலேயே பாடமும் நடத்தினார். ஆனால் அரசாங்க உத்தியோகத்துக்கு இங்கிலீஷ் வேண்டியிருந்தது. படிக்க வந்தவர்கள் இங்கிலீஷைத்தான் கேட்டார்கள். 1873இல் அவர் ஊர் திரும்பிய பிறகு பாடமும் இங்கிலீஷுக்குத் திரும்பிவிட்டது. அன்றைக்கு அமெரிக்கர் தமிழில் எழுதச் சொன்னார், நம் ஆட்கள் இங்கிலீஷ் கேட்டார்கள். இன்றைக்கு அமெரிக்கர் இங்கிலீஷில் ஓர் எழுத்தைக் குறைக்கச் சொல்கிறார், நாம் குறைக்கிறோம். கிளையண்ட் விருப்பம் என்பது மானிப்பாயிலேயே வென்ற கட்சி.

மருந்துப் பெயரிலும் இரண்டு கட்சி. இங்கிலாந்தில் பரசிட்டமோல், அமெரிக்காவில் அசிட்டமினோஃபென். இங்கிலாந்தில் சல்பியூட்டமோல், அமெரிக்காவில் அல்பியூட்டரோல். இங்கிலாந்தில் பெதிடின், அமெரிக்காவில் மெப்பெரிடின். எங்கள் தோட்டத்தில் முதலாவது மருந்துக்கு ஒரே பெயர்தான்: பனடோல். கம்பனிப் பெயரைச் சொல்லாதே, மருந்தின் சொந்தப் பெயரைச் சொல் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் முயற்சியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது. ஒசுசல மருந்துக் கடைகளை நடத்துவது அதுதான். அத்தனையும் நடந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அம்மா பார்மசியில் போய், “பனடோல் குடுங்க, பரசிட்டமோல் வேணாம், அது எனக்குக் கேக்காது” என்கிறார். அம்மாவும் ஒரு கிளையண்ட். நான் மறுத்துப் பேசுவதில்லை.

சொன்னதைச் சொன்னபடியே எழுது என்று கேட்கிற கிளையண்ட் தனி ரகம். இலக்கணம் பிசகினாலும் தொடாதே. டொக்டர் நுரையீரலிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வழியில் கார் சாவியைத் தேடினால், தேடியதும் வரும். மற்ற கிளையண்டுகளிடம் ஒரு சொல் தவறாமல் வரும்: “இனிமையான”. இனிமையான 62 வயதுப் பெண்மணி, இனிமையான 80 வயது முதியவர் என்று எல்லா நோயாளியும் இனிமையானவர்கள். அந்தச் சொல் வராத கோப்பில் என்ன நடந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். 2021 ஏப்ரலில் இருந்து அமெரிக்காவில் நோயாளிகள் டொக்டரின் குறிப்பை உடனே வாசிக்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு இனிமை இன்னும் கூடிவிட்டது. குடிப்பதில்லை என்று நோயாளி சொன்னால் “குடிப்பதை மறுக்கிறார்” என்று எழுதுவது வைத்திய வழக்கம். அதை விளக்கியபோது அம்மா சொன்னார்: “அப்ப பொய் சொல்றான்னுதானே எழுதிருக்கு?” அமெரிக்க நோயாளிகளும் வாசித்துவிட்டு அதையேதான் கேட்டார்கள் போலிருக்கிறது. “குடிப்பதில்லை என்று சொல்கிறார்” என மாற்றி எழுதச் சொல்லி ஒரு கிளையண்டிடமிருந்து மெமோ வந்தது.

உச்சரிப்பு விளங்காமல் சென்னையில் மூன்று பேர் கைவிட்ட ஒரு கோப்பு ஒரு நாள் என்னிடம் வந்தது. மிதித்தேன். முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டது: மனிதர் நியூ ஜெர்சியில் இருந்தாலும் நாக்கு இன்னும் பருத்தித்துறையில் இருக்கிறது. ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்பினேன். எழுதும்போதே ஒரு ஆசை வந்தது, கடைசியில் “சாப்பிட்டீங்களா சேர்?” என்று தமிழில் ஒரு வரி போட வேண்டும் என்று. நோயாளியின் விபரங்களைப் பாதுகாக்க 1996இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின் பேரில் நாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதில் டொக்டரை நலம் விசாரிக்க இடமில்லை.

இவ்வளவு வளைந்து கொடுக்கிற தொழிலில் வளையாத இடம் ஒன்று இருக்கிறது. பூச்சியம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று தருகிற ஜொயின்ட் கமிஷன் 2004இல், இவற்றை எழுதவே கூடாது என்று ஒரு பட்டியல் போட்டது. ஒரு மில்லிகிராம் மருந்தை ஒன்று புள்ளி பூச்சியம் என்று எழுதாதே; புள்ளி மங்கினால் பத்தாகிவிடும். அரை மில்லிகிராமைப் பூச்சியம் இல்லாமல் வெறும் புள்ளி ஐந்து என்று எழுதாதே. புள்ளி தவறினால் ஐந்தாகிவிடும். இன்சுலின் அளவுக்கு யூனிட் என்பதை ‘யூ’ என்ற ஒற்றை எழுத்தாக எழுதாதே. பூச்சியமாகவோ நாலாகவோ தெரியும். ‘எம்.எஸ்.’ என்று எழுதாதே. ஒருவருக்கு அது மோர்ஃபின், இன்னொருவருக்கு மக்னீசியம். ஆய்வுகூட முடிவுகளில் கடைசிப் பூச்சியத்துக்கு அனுமதி உண்டு, அங்கே அது அளவின் நுட்பத்தைக் காட்டுகிறது. மருந்தில் கிடையாது. சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஏற்றுகிற வீட்டில் இருப்பவருக்கு நாலு யூனிட்டுக்கும் நாற்பது யூனிட்டுக்கும் உள்ள தூரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மூத்த சர்ஜன், தான் படித்த காலத்திலிருந்து ‘யூ’ போட்டுத்தான் பழக்கம், அப்படியே விடுங்கள் என்று எழுதினார். கோட்டுக்கும் புள்ளிக்கும் ஓடி ஓடி வளைந்து கொடுத்த எங்கள் கம்பனி அன்றைக்கு முதல் தடவையாக முடியாது என்று பதில் போட்டது. அந்த ஈமெயிலை நான் இன்னும் அழிக்கவில்லை. அதே மாதிரி, காதில் விழாத சொல்லுக்கு வெற்றிடம் விட வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். பக்கம் அழகாக இல்லை, வெற்றிடம் வேண்டாம் என்று ஒரு கிளையண்ட் கேட்டார். அந்தக் கிளையண்டின் கோப்பை எடுக்க எங்களில் யாரும் கை தூக்கவில்லை.

கரண்ட் இல்லாத காலத்தையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டீசல் இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்தக் கிழமை ஒரு கிளையண்ட் அனுப்பிய மெமோ, இனிமேல் எக்ஸ்ரே என்ற சொல்லில் ‘எக்ஸ்’ பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்பது. மெழுகுதிரி வெளிச்சத்தில் போனில் வாசித்தேன். பெரிதாக்கிவிட்டேன்.

இப்போது மெஷின் வந்துவிட்டது. டொக்டர் பேசப் பேச அதுவே எழுதுகிறது. இந்தத் துறையில் பெரிய பெயரான நுவான்ஸ் கம்பனியை மைக்ரோசொஃப்ட் 2022இல் ஏறத்தாழ 1,970 கோடி டொலருக்கு வாங்கியது. மெஷின் எழுதியதைத் திருத்துவதுதான் இப்போது எங்கள் வேலை, அதற்குக் கூலி பாதி. தோட்டத்தில் இதற்கு அரைப்பேர் என்று பெயர். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: கிளையண்ட் விருப்பத்தில் மெஷின் பிழையே விடுவதில்லை. அப்போஸ்ட்ரஃபி, கோடு, இரண்டு இடைவெளி எல்லாம் சுத்தம். ஆனால் டொக்டர் மேலே இடது முழங்கால் வலி என்று சொல்லிவிட்டுக் கீழே வலது முழங்காலுக்கு ஆபரேஷன் என்றால், இரண்டையும் அழகாக அடித்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கும். பதினைந்து மில்லிகிராமா ஐம்பது மில்லிகிராமா என்று அதற்குச் சந்தேகமே வராது. அந்தச் சந்தேகத்துக்குத்தான் எனக்கு அரைப்பேர்.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் அப்பாவின் பெயர். அது ‘சாமி’ என்று முடியும். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் ஒரு கிளாக்கர் அந்தச் சாமிக்கு நடுவே இங்கிலீஷில் ‘டபிள்யூ’ போட்டார். அடுத்து வந்த கிளாக்கர் அதை எடுத்துவிட்டார். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் எழுதி, அதைத் தமிழில் எழுதி, அங்கிருந்து இங்கிலீஷுக்குக் கொண்டுபோனதில் கடைசி எழுத்து ‘வை’யிலிருந்து ‘ஐ’ ஆகிவிட்டது. அடையாள அட்டையில் மூன்றாவது விதம். எங்கள் ஊர்ப் பெயரையே பலகைக்குப் பலகை ஒரு விதமாக எழுதுகிறார்கள், சில இடத்தில் ஒரே சொல், சில இடத்தில் இரண்டு சொல், ஊருக்கு வலிக்காது. அப்பா சேமலாபக் காசு எடுக்கப் போனபோது வலித்தது. மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று அப்பாவே நேரில் நின்று சொன்னது போதவில்லை. சத்தியக் கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் ஒப்பம் வாங்கி, கிராம சேவகரைப் பார்த்து, மறுபடி சத்தியக் கடதாசி.

1948இல் குடியுரிமை பறிபோய், கடைசியாக மிஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் திரும்பி வந்த தோட்டத்துச் சனங்கள் நாங்கள். கடதாசியில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். ஒஹாயோவில் ஒரு டொக்டர் தன் கோடு எங்கே போனது என்று கேட்டால் பத்து நிமிடத்தில் உலகத்தின் இந்தப் பக்கத்தில் ஒருத்தி எழும்பி உட்கார்ந்து திருத்துகிறாள். அப்பாவிடம், உங்கள் பெயரை எப்படி எழுத விரும்புகிறீர்கள் என்று ஐம்பது வருசத்தில் ஒரு கிளாக்கரும் கேட்கவில்லை. அவர் கிளையண்ட் இல்லை, பேர் போடப்பட்டவர்.

ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பெரியவர்களின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாபத் தாள் மூன்றையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சேமலாபக் காசு பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். அந்த வயது வரும் வரைக்கும் விட்டு வைக்காதீர்கள். சத்தியக் கடதாசி முடிக்கப் போகும்போது பெயரை இங்கிலீஷில் ஒரு துண்டில் நீங்களே தெளிவாக எழுதிக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். வாயால் சொன்னால் போதாது. எழுதுகிறவருக்கும் ஒரு ஸ்டைல் இருக்கும்.